டீனெக்கில் வீடு வாங்கலாமா? யூதர்கள் அதிகம் வாழும் ஊரில் அன்றாட வாழ்க்கை எப்படி?

வாடகைவீட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். இப்போது ஜெர்சி சிட்டியில் வாடகைக்கு இருக்கிறோம். எனக்கு அலுவலகம் மன்ஹாட்டன் மிட்டவுனில், வாரத்தில் மூன்று நாள் நேரில் போக வேண்டும். மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை. மகள் மூன்றாம் வகுப்பு. வருஷத்தில் பாதி நாள் அம்மா மதுரையிலிருந்து வந்து இருப்பார், முட்டைகூடத் தொடாத சைவம்.

எடிசன் பக்கம் தேடிக் களைத்துவிட்டோம். அப்புறம் வீட்டு ஏஜென்ட், நியூ ஜெர்சியிலேயே பெர்கன் கவுண்டியில் இருக்கும் டீனெக்கைக் காட்டினார். பெரிய மரங்கள், அகலமான மனைகள், தெருவுக்குத் தெரு நடைபாதை, எல்லாம் பிடித்தது. ஆனால் நாங்கள் போனது சனிக்கிழமை. கடைத்தெருவில் பல கடைகள் பூட்டிக் கிடந்தன. தெருவில் மட்டும் கோட்டும் தொப்பியுமாக, குழந்தை வண்டியும் தள்ளிக்கொண்டு, குடும்பம் குடும்பமாக நடந்து போகிறார்கள். "இங்கே யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டால் ஏஜென்ட் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறார். பள்ளி, கடை, பஸ், அக்கம்பக்கம் எப்படி? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பெர்கன்கிழவன்:

வாங்க தம்பி. ஏஜென்ட் மேல் கோபப்படாதீர்கள். 1968-ஆம் வருஷத்து வீட்டுவசதிச் சட்டப்படி, மதத்தையோ இனத்தையோ காட்டி வாங்குபவரை ஒரு தெருவுக்கு இழுப்பதும் தள்ளுவதும் குற்றம். அதனால் வாயே திறக்க மாட்டார்கள். நான் ஏஜென்ட் இல்லை, சொல்கிறேன்.

ஊரில் சுமார் 41,000 பேர். மன்ஹாட்டனுக்குப் போகும் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்திலிருந்து சில மைல் தூரம்தான். 80-ஆம் நெடுஞ்சாலை சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கி நாடு முழுவதும் ஓடிவந்து முடிவது இந்த ஊரில்தான். யூதர்களில் மாடர்ன் ஆர்த்தடாக்ஸ் பிரிவினர் நிறைய, மத விதிகளைக் கறாராகக் கடைப்பிடித்துக்கொண்டே நவீனப் படிப்பு, வேலை என்று இருப்பவர்கள். ஆனால் இதை 'யூத ஊர்' என்று மட்டும் நினைத்து வந்தால் ஏமாந்து போவீர்கள். தலைமுறைகளாக இருக்கும் கறுப்பினக் குடும்பங்கள், லத்தீன் அமெரிக்கர், பிலிப்பினோக்கள், மலையாளிகள், தார்-உல்-இஸ்லா மசூதி, எல்லாம் இங்கே உண்டு. 2010-இல் முஸ்லிமான முகமது ஹமீதுதீன் மேயர் ஆனார், ஆர்த்தடாக்ஸ் யூதரான ஆடம் கஸ்ஸன் துணை மேயர். அப்போது அது நாடு முழுக்கச் செய்தியானது.

பழைய பெருமை ஒன்றும் உண்டு. 1964-இல், எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாமலே, கறுப்பு வெள்ளைக் குழந்தைகளைச் சேர்த்துப் படிக்கவைக்கத் தானாக முடிவெடுத்த ஊர் இது. அதற்கும் முன்னால், 1949-இல், அமெரிக்க ராணுவம் இந்த ஊரை 'முன்மாதிரிச் சமூகம்' என்று தேர்ந்தெடுத்துப் படம் பிடித்து, தன் பிடியில் இருந்த ஜப்பானில் காட்டியது. அந்தப் பெருமையில் முக்கால்வாசி விளம்பரம்தான் என்பது என் கணிப்பு. 1964 அப்படி இல்லை. அதற்காக ஊருக்குள் பெரிய சண்டையே போட்டிருக்கிறார்கள்.

இனி அன்றாடம். இந்த ஊரைப் புரிந்துகொள்ள ஒரே விஷயம் போதும்: யூதர்களின் வாராந்தர ஓய்வு நாளான சப்பாத்தில் கார் ஓட்டக்கூடாது. வெள்ளி சூரியன் சாய்வதிலிருந்து சனி இரவு வரை கார், போன், ஸ்விட்ச், காசு எதையும் தொட மாட்டார்கள். ஆகவே ஜெப ஆலயத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு வேண்டும். அதனால் நடைபாதை வேண்டும். ஆலயங்கள் வீடுகளுக்கு நடுவே இருப்பதும், அவற்றைச் சுற்றியுள்ள வீடுகள் ஒரு படி கூடுதல் விலைக்குப் போவதும் இதனால்தான். நீங்கள் அங்கே தொழப் போவதில்லை என்றால் அந்தக் கூடுதல் விலையை ஏன் கொடுக்க வேண்டும்? நாலு தெரு தள்ளிப் பாருங்கள். அதே மரம், அதே மனை.

சாம்பார்வடை:

அண்ணன் சாப்பாட்டை விட்டுவிட்டார், அதை நான் சொல்கிறேன்.

சைவக்காரர்களுக்கு இந்த ஊர் வசதி, கண்ணை மூடிக்கொண்டு இல்லை, கண்ணைத் திறந்துகொண்டு. கோஷர் என்ற யூத உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் ஒன்று சேரக்கூடாது. அதனால் உணவகமே இரண்டு வகை: இறைச்சி உணவகம், பால் உணவகம். செடார் லேனிலும் குயீன் ஆன் ரோட்டிலும் இருக்கும் கோஷர் பீட்சாக் கடைகள் பால் வகை. அங்கே கோழி, மாடு என்று எதுவும் அடுப்பங்கரைக்குள்ளேயே வராது. என் மாமியார் அமெரிக்கா வந்து நிம்மதியாக வெளியே சாப்பிட்ட முதல் இடம் அதுதான்.

ஆனால் மீன் உண்டு! அவர்கள் கணக்கில் மீன் இறைச்சியில் சேராது. பால் உணவகத்தில் டியூனா சாண்ட்விச், சால்மன் எல்லாம் இருக்கும். வறுக்கிற எண்ணெய் ஒன்றா வேறா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பாக்கெட்டுகளில் வட்டத்துக்குள் யு எழுத்து இருந்தால் கோஷர் முத்திரை. பக்கத்தில் டி இருந்தால் பால் சேர்ந்தது. 'பரேவ்' என்றால் இறைச்சியும் இல்லை, பாலும் இல்லை. இதைப் பார்த்தவுடன் நம் ஆட்கள் சைவம் என்று எடுத்து வண்டியில் போட்டுவிடுகிறார்கள். பரேவில் முட்டையும் மீனும் இருக்கலாம். கோஷர் மார்ஷ்மெல்லோவில் மீனிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருப்பது சாதாரணம். உங்கள் அம்மாவுக்கு முட்டையும் ஆகாது என்பதால், முத்திரையைப் பார்த்த பிறகு பொருட்பட்டியலையும் படியுங்கள்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் செடார் லேன் பக்கம் போகவே வேண்டாம், குறிப்பாகக் குளிர்காலத்தில். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், அதற்குள் ஊரே ரொட்டியும் மீனும் பூவும் வாங்கி முடித்தாக வேண்டும். கார் நிறுத்த இடம் கிடைத்தால் உங்கள் குலதெய்வத்துக்கு நன்றி சொல்லுங்கள்.

சனி இரவு கதை வேறு. குளிர்காலத்தில் சப்பாத் சீக்கிரம் முடிவதால் ஏழு மணிவாக்கில் பீட்சாக் கடைகள் திறந்து பிள்ளைகள் கூட்டம் அலைமோதும். ஜூனில் சப்பாத் முடியவே ஒன்பது மணி தாண்டிவிடும், கடை திறக்காமலே விட்டுவிடுவார்கள்.

வாடகைவீட்டான்:

நன்றி அக்கா. சனிக்கிழமை கடை இல்லை என்றால் ஞாயிறு எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம், அப்படித்தானே?

சாம்பார்வடை:

அங்கேதான் வேடிக்கை. மளிகை, மருந்து, உணவகம் ஞாயிறும் உண்டு. துணி, மேஜை நாற்காலி, மின்சாதனம், கட்டுமானச் சாமான் மட்டும் பெர்கன் கவுண்டியில் ஞாயிற்றுக்கிழமை விற்கக்கூடாது. பழங்காலச் சட்டம். 1993-இல் நீக்கலாமா என்று வாக்கெடுத்தபோதும் வேண்டாம் என்று மக்களே சொல்லிவிட்டார்கள். பக்கத்து ஊர் பராமஸில் அவ்வளவு பெரிய கார்டன் ஸ்டேட் பிளாசா மாலின் கடைகள் ஞாயிறன்று பூட்டிக் கிடக்கும். 2012-இல் சாண்டி புயல் அடித்தபோது ஒரே ஒரு ஞாயிறு சட்டத்தை நிறுத்திவைத்தார் ஆளுநர் கிறிஸ்டி.

ஆக, சப்பாத் கடைப்பிடிக்கும் குடும்பத்துக்குச் சனிக்கிழமை வாங்க முடியாது, ஞாயிறு விற்க மாட்டார்கள். பிள்ளைக்கு ஒரு ஷூ வாங்க ஸ்டேட் எல்லை தாண்டி நியூயார்க்கில் இருக்கும் பாலிசேட்ஸ் சென்டர் மாலுக்கு ஓடுவார்கள். நாமும் கூடவே ஓட வேண்டியதுதான்.

பெர்கன்கிழவன்:

அந்தச் சட்டத்துக்கு நான் ஆதரவு. மற்ற நாளில் 4-ஆம் நெடுஞ்சாலையில் கார் ஓட்டிப் பார்த்தவர்கள் ஞாயிறு காலை அதே சாலையைப் பார்த்தால் கட்சி மாறிவிடுவார்கள்.

பஸ்பாஸ்:

போக்குவரத்து என் ஏரியா. டீனெக்கில் ரயில் கிடையாது. தண்டவாளம் இருக்கிறது, சரக்கு ரயில் மட்டும் ஓடும். பயணி ரயில் 1959-இலேயே நின்றுவிட்டது. மிட்டவுனுக்கு 167 அல்லது 168 பஸ், நேராகப் போர்ட் அதாரிட்டி பஸ் நிலையம். காலையில், மன்ஹாட்டனுக்குள் நுழையும் லிங்கன் சுரங்கத்துக்கு முன்னால் பஸ்ஸுக்கென்று எதிர்த்தடத்தில் தனி வழி விடுவார்கள். கார்கள் நத்தையாய் நகரும்போது பஸ் பறக்கும். ஆனால் அந்தச் சலுகை காலையில் மட்டும். சாயங்காலம் திரும்பும்போது எல்லாரும் சமம், எல்லாருக்கும் வேதனை.

காரில் போகலாம் என்ற ஆசை இருந்தால், 2025 ஜனவரியிலிருந்து மன்ஹாட்டனில் 60-ஆம் தெருவுக்குக் கீழே நுழைந்தால் பகலில் 9 டாலர் கூடுதல் கட்டணம். அதற்கு மேல் பார்க்கிங். பஸ்ஸே போதும்.

முக்கியமானது ஒன்று. வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று நடந்தே பாருங்கள். மேப்பில் பக்கமாகத் தெரியும். பனிக்காலத்தில் நடைபாதையில் பனி அள்ளாத வீடு ஒன்று வழியில் இருந்தாலும் சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

யாரும் சொத்துவரி பற்றிப் பேசவில்லையே! நியூ ஜெர்சியில் பெர்கன் கவுண்டியும் வரிக்குப் பேர்போனது. சாதாரணத் தனி வீட்டுக்கே வருஷம் ஐந்திலக்க டாலர் வரும். வங்கி தரும் மாதத் தவணைக் கணக்கோடு இதையும் கூட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் நுழையுங்கள்.

இன்னொரு விஷயம், நேராகவே கேட்கிறேன். யூதப் பிள்ளைகள் பெரும்பாலும் தனியார் பள்ளிக்குப் போகிறார்கள். அப்படியென்றால் அவர்களுக்கு அரசுப் பள்ளி மேல் என்ன அக்கறை இருக்கும்? அவ்வளவு பணக்காரர்கள் இருந்தும் அரசுப் பள்ளி பக்கத்து ஊர் டெனஃப்ளை மாதிரி இல்லையே?

பெர்கன்கிழவன்:

கணக்கு, கேள்வி சரி, 'அவ்வளவு பணக்காரர்கள்' என்பதை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மருத்துவர், வக்கீல் உண்டு. ஆசிரியர், நர்ஸ், கணக்காளரும் உண்டு. யூதப் பகல்பள்ளிக் கட்டணம் ஒரு பிள்ளைக்கு வருஷம் 20,000 டாலருக்கு மேல். மூன்று நாலு பிள்ளைகள் உள்ள வீடுகள் சகஜம். கூட்டிப் பாருங்கள், நீங்கள்தான் கணக்காயிற்றே. வெளியே பெரிய வீடாகத் தெரியும், உள்ளே கட்டண உதவிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பார்கள். அதற்கு மேல் உங்களைப் போலவே அரசுப் பள்ளிக்கான வரியையும் கட்டுகிறார்கள்.

உரசல் இல்லை என்று சொல்ல மாட்டேன், உண்டு. நியூ ஜெர்சி சட்டப்படி தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஊரின் அரசுப் பள்ளி நிர்வாகம் போக்குவரத்து தர வேண்டும்: எட்டாம் வகுப்பு வரை 2 மைலுக்கு மேல், உயர்நிலைக்கு இரண்டரை மைலுக்கு மேல் தூரம் இருந்தால். பஸ் விட முடியாவிட்டால் பெற்றோருக்குப் பணமாகத் தர வேண்டும். பள்ளி பட்ஜெட் பேசும் கூட்டத்தில் இது கிளம்பாமல் இருக்காது. ஒரு தரப்பு "எங்கள் பிள்ளைகளின் இசை வகுப்பை வெட்டி அவர்களுக்குப் பஸ்ஸா?" என்கும். மறு தரப்பு "எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் நாளைக்கே உங்கள் பள்ளியில் சேர்ந்தால் செலவு என்ன ஆகும் தெரியுமா?" என்கும். இரண்டிலும் நியாயம் இருக்கிறது, அதனால்தான் சண்டை தீரவே மாட்டேன் என்கிறது.

என் பிள்ளைகள் இரண்டும் டீனெக் அரசுப் பள்ளியில்தான் படித்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வந்தார்கள். மதிப்பெண் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் டெனஃப்ளை மேலேதான் இருக்கும். என் மகளுக்குக் கிடைத்த நட்பு வட்டம் அங்கே கிடைத்திருக்காது.

சாம்பார்வடை:

மகள் எட்டாம் வகுப்பு வந்ததும் ஹாக்கன்சாக்கில் உள்ள பெர்கன் கவுண்டி அகாடமிஸுக்குத் தேர்வு எழுதலாம். அரசுப் பள்ளிதான், கட்டணம் இல்லை. கவுண்டியில் எந்த ஊரில் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். நம் ஆட்கள் ஐந்தாம் வகுப்பிலிருந்தே டியூஷன் தொடங்கிவிடுகிறார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

கணக்குப்பிள்ளை:

சரி, பணக்காரர் பேச்சை விடுகிறேன். ஆனால் நாம் அங்கே ஒட்ட முடியுமா? நம் வீட்டுக்கு வந்தால் அவர்கள் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிட மாட்டார்களாமே.

தோர்ன்ஹில்_பொடியன்:

அண்ணை, நான் கனடாவிலை தோர்ன்ஹில்லிலை இருக்கிறன். பாதர்ஸ்ட் ரோட்டுப் பக்கம் முழுக்க யூத ஆக்கள்தான், மார்க்கம் பக்கம் வந்தால் எங்கடை ஆக்கள். ஒட்டுறது ஒட்டாதது சாப்பாட்டிலை இல்லை. என்ரை மகனின்ரை கூட்டாளி வீட்டுக்கு வருவான், அவனுக்கெண்டு நாங்கள் கடுதாசித் தட்டும் முழு ஆப்பிளும் வைச்சிருக்கிறம். வெட்டாத பழம் எண்டால் பிரச்சினை இல்லை. பிறந்தநாளை ஞாயிற்றுக்கிழமை வையுங்கோ, சனிக்கிழமை வைச்சால் அந்தப் பிள்ளையள் வர ஏலாது. இந்த ரண்டும் தெரிஞ்சால் காணும்.

பெர்கன்கிழவன்:

பொடியன் சொன்னது நூற்றுக்கு நூறு. நம் ஊரில் பாட்டி மடியாக இருக்கும்போது யாரும் கிட்டே போகாமல் வளர்ந்தவர்களுக்கு இதில் புரியாதது என்ன இருக்கிறது?

ஒன்று சொல்கிறேன். ஒரு வெள்ளி இரவு பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் கதவைத் தட்டினார். அழைப்பு மணியை அடிக்கவில்லை, தட்டினார். மணி மின்சாரமாயிற்றே. வாசலில் நின்றுகொண்டு, "ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் பல்பைக் கழற்ற மறந்துவிட்டோம்" என்றார். அவ்வளவுதான். கதவைத் திறந்தால் விளக்கு எரியும், விளக்கை ஏற்றக்கூடாது, ஆக விருந்துச் சாப்பாடு மொத்தமும் உள்ளே மாட்டிக்கொண்டது. "வந்து கழற்றித் தா" என்று நேராகக் கேட்கவும் தயக்கம். "உள்ளே குளிர்ந்த ஜூஸ் இருக்கிறது, வந்து ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். போனேன், ஃப்ரிட்ஜைத் திறந்தேன், எனக்கு ஒரு ஜூஸ் எடுத்தேன், அப்படியே பல்பையும் திருகி எடுத்து மேஜையில் வைத்தேன். பதினைந்து பேர் உட்கார்ந்திருந்த மேஜை, ஒரே கைதட்டல். என்னையும் உட்காரவைத்துவிட்டார்கள். அந்த வீட்டில் என் பெயர் இன்றைக்கும் எலக்ட்ரீஷியன்.

அப்படிக் கூப்பிட்டால் போங்கள். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நீங்களாகச் சமைத்து எதுவும் கொண்டுபோகாதீர்கள். பாட்டு, பேச்சு, சாப்பாடு என்று மூன்று மணி நேரம் போகும், ஒருத்தரும் திரையைப் பார்க்க மாட்டார்கள். எனக்கு இந்த ஊரில் ரொம்பப் பிடித்தது அதுதான், நீச்சல்குளமும் பூங்காவும் எந்த ஊரில் இல்லை?

இரவில் கார் ஓட்டும்போது மட்டும் கவனம். வெள்ளி இரவு கறுப்புக் கோட்டு போட்டவர்கள் சாலையைக் கடப்பார்கள், சில தெருக்களில் விளக்கு மங்கல்.

பஸ்பாஸ்:

கம்பங்களில் ஏதோ கம்பி கட்டியிருப்பார்களே, அது என்ன? கேபிள்காரன் விட்டுப்போனதா?

பெர்கன்கிழவன்:

அதுதான் எருவ். சப்பாத்தில் வீட்டுக்கு வெளியே எதையும் சுமக்கக்கூடாது, குழந்தையைத் தூக்குவது, தள்ளுவண்டி உட்பட. மின்கம்பங்களையும் கம்பிகளையும் வைத்து ஊரைச் சுற்றி ஓர் எல்லை வளைத்துவிட்டால் அதற்குள் சுமக்கலாம். தேடிப் பார்க்காவிட்டால் நம் கண்ணுக்கு அது தெரியாது, யாருக்கும் இடைஞ்சலும் இல்லை. ஆனாலும் பக்கத்தில் டெனஃப்ளை நகராட்சி எடுக்கச் சொல்லி, விவகாரம் கோர்ட்டுக்குப் போய், 2002-இல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எருவ் பக்கம் நின்றது. 2017-இல் இதே கவுண்டியில் மாவா என்ற ஊரிலும் இதே வழக்கு, சமரசத்தில் முடிந்தது. கம்பிக்காக யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை. எருவ் வந்தால் இளம் குடும்பங்கள் வரும், அதுதான் எதிர்த்தவர்களின் பயம்.

கணக்குப்பிள்ளை:

2023 அக்டோபரில் இஸ்ரேல்-காசா போர் தொடங்கிய பிறகு நிலைமை எப்படி? டீனெக் பெயர் செய்தியில் அடிபட்டதே.

பெர்கன்கிழவன்:

மறைக்க ஒன்றும் இல்லை. யூதர்களும் முஸ்லிம்களும் ஒரே தெருவில் வாழும் ஊர், இருபக்கமும் உறவினர் அங்கே இருக்கிறார்கள். நகராட்சிக் கூட்டங்கள் நீண்டன, பள்ளிப் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியேறினார்கள், ஜெப ஆலயத்துக்கு வெளியே போராட்டம் நடந்தது. ஆலய வாசலில் காவல் இப்போது சாதாரணக் காட்சி. சில பழைய நட்புகள் இன்னும் சரியாகவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா இந்த ஊரைத்தான் மாநிலத்திலேயே முதலில் அடித்தது என்று சொல்லும் அளவுக்கு இருந்தது. ஊரே வீட்டுக்குள் இருங்கள் என்றார் மேயர், ஹோலி நேம் ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தது. அப்போது யார் வீட்டுக்கு யார் மருந்து கொண்டுபோனார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. அந்த நெருக்கம் இப்போது இல்லை என்பதுதான் உண்மை.

மட்டுறுத்துநர்:

மத்திய கிழக்கு அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே வீடு, ஊர், பள்ளி மட்டும். மீறிய இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன்.

வாடகைவீட்டான்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவைத்தான் இன்னும் யோசிக்கிறேன். கோயில், நம் ஊர்க் காய்கறி எல்லாம் பக்கத்தில் உண்டா? அவர் கார் ஓட்ட மாட்டார்.

சாம்பார்வடை:

கோயிலுக்குக் கார் வேண்டும், அதில் மாற்றம் இல்லை. பிரிட்ஜ்வாட்டர் வேங்கடேஸ்வரர் ஒரு திசை. குயீன்ஸ் ஃபிளஷிங்கில் பிள்ளையார் கோயில் இன்னொரு திசை, கீழே கேன்டீனில் தோசை கிடைக்கும், ஆனால் பிராங்க்ஸ் வழியாகப் போகும் சாலையில் நீங்கள் படும் பாட்டுக்கு இரண்டு தோசை வேண்டும். முருங்கைக்காய், சின்ன வெங்காயம் எல்லாம் ஜெர்சி சிட்டி நியூவார்க் அவென்யூதான், உங்களுக்குத் தெரிந்த இடம். கொத்தமல்லி, கத்தரிக்காய் கொரியன் கடைகளிலேயே நன்றாக இருக்கும்.

நடந்து போகும் தூரத்தில் அம்மாவுக்கு நூலகம் உண்டா என்று பாருங்கள். பெர்கன் பகுதியில் எழுபதுக்கும் மேற்பட்ட நூலகங்கள் ஒரே கூட்டமைப்பு. ஒரே அட்டையில் எந்த ஊர்ப் புத்தகத்தையும் வரவழைக்கலாம். ஓவர்பெக் பூங்கா பெரியது, தட்டையான நடைபாதை, முட்டிவலிக்காரர்களுக்கு நல்லது. ஒரு காலத்தில் குப்பை கொட்டிய இடம் என்றால் நம்ப மாட்டீர்கள்.

சனிக்கிழமை மதியம் அம்மா வாசலில் உட்கார்ந்தால் பேச்சுத்துணைக்குப் பஞ்சம் இருக்காது. நடந்து போகிறவர்கள் நின்று பேசிவிட்டுத்தான் போவார்கள்.

வாடகைவீட்டான்:

செடார் லேனுக்கு வடக்கே ஒரு வீடு இருக்கிறது. அடுத்த வாரம் திரும்பப் பார்க்கிறோம். இந்த முறை வெள்ளிக்கிழமை மதியம் போகலாமா, எல்லாம் தெரிந்துவிடும்?

பஸ்பாஸ்:

செவ்வாய்க்கிழமை போங்கள். காலை ஏழே கால் மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து நடந்து, 167-ஐப் பிடித்து, அலுவலக நாற்காலியில் உட்காரும் வரை நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்புங்கள். அதற்குப் பிறகும் வீடு பிடித்திருந்தால் விலை பேசுங்கள்.

சாம்பார்வடை:

விலை பேசும்போது பழைய எண்ணெய்த் தொட்டி மண்ணுக்கடியில் புதைந்திருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் அது ஒரு தலைவலி. எடுக்கும் செலவை விற்பவர் தலையில் கட்ட வேண்டும், உங்கள் தலையில் இல்லை.